வயதானவர்களின் பிரஷர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் தொற்றாநோய்ப் பிரிவில் உட்காரும் டாக்டர். வருபவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். கூடவே வரும் மகன், மகள், மருமகள் கேட்கும் சந்தேகங்கள் வாரா வாரம் ஏறக்குறைய ஒன்றேதான், ஆனால் ஓ.பி. கூட்டத்தில் நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை மாற்றிவிடாதீர்கள், உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

"வயசானா பிரஷர் கூடத்தானே செய்யும், அதுக்குப் போய் மாத்திரையா?"

கூடும், உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் வருகிறது என்பதற்காக அது கெடுதல் செய்யாமல் விட்டுவிடாது. பக்கவாதம், ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல் போவது), கிட்னி பழுது ஆகிய மூன்றுக்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று பிரஷர், வயது ஏற ஏற அந்த ஆபத்தும் ஏறுகிறது. "வயசோட நூறைக் கூட்டிக்கோ, அதுதான் உனக்கு நார்மல்" என்று ஒரு பழைய கணக்கு இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். எழுபது வயதுக்காரருக்கு 170 நார்மல் கிடையாது.

"மேல 170, கீழ 70 காட்டுது. இது கூடுதலா, குறைவா?"

கூடுதல். வயதானவர்களிடம் நாங்கள் அதிகம் பார்ப்பதே இந்த வகைதான். வயதாக ஆக ரத்தக்குழாய்கள், வெயிலில் கிடந்து விறைத்துப்போன ரப்பர் ட்யூப் மாதிரி ஆகிவிடுகின்றன. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது குழாய் விரிந்து கொடுப்பதில்லை, மேல் எண் ஏறுகிறது. இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் ரத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் இழுவையும் குழாயில் இல்லை, கீழ் எண் இறங்குகிறது.

மேல் எண் மட்டும் கூடியிருந்தால் வைத்தியம் வேண்டுமா என்று டாக்டர்களுக்கே ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. 1991இல் வெளியான அமெரிக்காவின் ஷெப் ஆய்வு அதைத் தீர்த்தது. அறுபது வயதைத் தாண்டிய 4736 பேரை எடுத்துக்கொண்டு, குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரையில் (உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை) ஆரம்பித்து வைத்தியம் செய்தார்கள், பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. எனவே "கீழ நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. அதே சமயம் மருந்து கொடுக்கும்போது கீழ் எண்ணும் சேர்ந்தேதான் இறங்கும், அது 60க்கும் கீழே போனால், அதிலும் இதய நோய் உள்ளவர் என்றால், டாக்டரிடம் சொல்லுங்கள்.

"ஆஸ்பத்திரியில 180, வீட்டு மெஷின்ல 140. எதை நம்புறது?"

சரியாக அளந்திருந்தால், வீட்டு அளவுக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன். ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வரிசையில் ஒரு மணி நேரம் காத்து, கூப்பிட்டதும் எழுந்து ஓடிவந்து கையை நீட்டினால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். அப்படியே விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டினால், வீட்டுக்குப் போனதும் தலை சுற்றி விழுவார்கள்.

சரியாக அளப்பது என்றால்: முதுகு சாய்கிற நாற்காலியில், கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பட்டையை வெறும் கையில் சுற்றுங்கள், சட்டைக் கைக்கு மேலே வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் காபி, டீ குடித்திருக்கக் கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. மெஷின் மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும், மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதீர்கள். முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள், எந்தக் கையில் கூடுதலாக இருக்கிறதோ அதில்தான் இனி எப்போதும் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுத்தால், வீட்டில் 135/85க்கு மேல் இருந்தால் கூடுதல் என்று கணக்கு. ஒவ்வொரு தடவையும் எண் தாறுமாறாக மாறினால் மெஷினைத் திட்டுவதற்கு முன் நாடியைப் பிடித்துப் பாருங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

"எங்கம்மாவுக்கு 82 வயசு. இந்த வயசுல புதுசா மாத்திரை ஆரம்பிச்சு என்ன ஆகப்போகுது?"

நிறைய ஆகும். எண்பது வயதைத் தாண்டியவர்களை மட்டுமே வைத்து ஹைவெட் என்று ஒரு ஆய்வு நடந்தது, முடிவு 2008இல் வந்தது. மொத்தம் 3845 பேர், எல்லாருக்கும் மேல் எண் 160 அல்லது அதற்கு மேல். பாதிப் பேருக்கு இன்டபமைட், தேவைப்பட்டால் கூடப் பெரிண்டோபிரில், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 21 சதவீதமும் ஹார்ட் ஃபெயிலியர் 64 சதவீதமும் குறைவாக இருந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அவர்கள் வைத்த இலக்கு 150/80. எண்பது வயதுக்காரரை 120க்கு இறக்க யாரும் முயலவில்லை. இரண்டு, ஆய்வில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் நிற்க வைத்து பிரஷர் பார்த்தார்கள். நின்றால் மேல் எண் 140க்குக் கீழே போனவர்களைச் சேர்க்கவே இல்லை. நம் ஊர் ஓ.பி.க்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த நிற்க வைத்துப் பார்க்கும் வேலைதான்.

"ஒரு டாக்டர் 130க்குக் கொண்டு வரணும்கிறார், இன்னொருத்தர் 150 போதும்கிறார். யார் சொல்றது சரி?"

இரண்டு பேரும் இரண்டு வேறு தாத்தாக்களை மனதில் வைத்துச் சொன்னால் இரண்டும் சரி. 2017இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், வெளியே நடமாடும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 130க்குக் கீழே என்கிறது. 2023இல் ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் வெளியிட்டது, எண்பதுக்கு மேல் 140 முதல் 150 வரை கொண்டு வந்தாலே போதும், தாங்கினால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்கிறது.

இறக்கமாக வைப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஸ்பிரின்ட் என்ற அமெரிக்க ஆய்வில் 75 வயதைத் தாண்டிய 2636 பேர் இருந்தார்கள். 140க்குள் வைத்திருந்தவர்களைவிட 120க்குள் வைக்க முயன்றவர்களிடம் இதயம், மூளை சார்ந்த பெரிய பாதிப்புகளும் இறப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதில் சர்க்கரை நோயாளிகள் கிடையாது, ஏற்கனவே பக்கவாதம் வந்தவர்கள் கிடையாது, நின்றால் 110க்குக் கீழே போகிறவர்களும் கிடையாது. அளந்ததும் தனி அறையில், ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு, மெஷினில். அந்த 120ஐ நம் ஓ.பி. 120ஓடு சேர்த்து வைத்துப் பேசவே முடியாது.

நான் பார்க்கிற விதம் இது. காலையில் தானே போய்ப் பால் வாங்கி வருகிற 76 வயதுக்காரருக்கு 130ஐ ஒட்டிக் கொண்டு வர முயல்வேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் 84 வயதுப் பாட்டிக்கு 140, 150க்குள் நிம்மதியாக இருந்தால் அதற்குக் கீழே துரத்த மாட்டேன். வயதைவிட நடையைத்தான் பார்க்கிறேன்.

"எழுந்திரிச்சா தலை சுத்துதுங்கிறார். மாத்திரையை நிறுத்திடலாமா?"

நீங்களாக நிறுத்த வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும்.

ஒரு தாத்தாவை மகன் கூட்டி வந்தார். "160 இருக்கு சார், டோஸைக் கூட்டிக் கொடுங்க" என்றார். உட்கார்ந்த நிலையில் 162தான். நிற்கச் சொன்னேன், ஒரு நிமிடத்தில் 124. தாத்தாவின் கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது, "லேசா இருட்டிக்கிட்டு வருது" என்றார். கொண்டு வந்த மஞ்சப்பையை மேசையில் கொட்டச் சொன்னேன். டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை இரண்டு வேறு பெயரில் இரண்டு அட்டை, ஒன்று இங்கே கொடுத்தது, ஒன்று தனியார் கிளினிக் கொடுத்தது. கூடவே புரோஸ்டேட்டுக்கு ராத்திரி போடும் டாம்சுலோசின், அதுவும் நிற்கும்போது பிரஷரை இறக்கும். டோஸைக் கூட்டியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்துதான் அடுத்த தடவை வந்திருப்பார். இரட்டையாக இருந்த அட்டையை எடுத்தோம், பிரஷர் உட்கார்ந்தபோது கொஞ்சம் ஏறியது, ஆனால் நின்றால் விழவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது: படுக்கையிலிருந்து நேராக எழுந்து நடக்காமல் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கெண்டைக்காலை மடக்கி நீட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். ராத்திரி ஒன்றுக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும், ஆண்களும் உட்கார்ந்தே போகட்டும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் சுடுதண்ணீரில் குளித்த உடனேயும் பிரஷர் இறங்கும், அந்த நேரத்தில் தனியாக விடாதீர்கள்.

"அம்லோடிபின் போட்டதுல இருந்து கால் வீங்குது. கிட்னி போயிடுச்சா?"

பெரும்பாலும் இல்லை. அந்த மாத்திரை சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை விரிப்பதால் கணுக்காலில் நீர் கசிந்து தேங்குகிறது. சாயங்காலம் கூடும், காலையில் குறையும், 10 மில்லிகிராம் போடுபவர்களுக்கு அதிகம். இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்த்துக் கொடுப்பதைப் பார்க்கிறேன், அது தவறான வழி: வீக்கம் சரியாக வடியாது, உடம்பு மட்டும் வறண்டுபோகும். டோஸை 5க்கோ 2.5க்கோ குறைப்பது, அல்லது டெல்மிசார்டன் போன்றதைச் சேர்ப்பது, அல்லது மாத்திரையையே மாற்றுவதுதான் சரி. மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, முகம் வீங்கினாலோ காரணம் வேறு, உடனே காட்டுங்கள்.

"ரெண்டு மாசமா வறட்டு இருமல். சளி மருந்து எதுவும் கேக்கல."

சீட்டில் எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி 'ப்ரில்' என்று முடியும் மாத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் காரணமாக இருக்கும், டாக்டர் மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் போய்விடும். இந்த மாத்திரை போட்டபின் உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அது அவசரம்.

"நீர் மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள்ல அப்பா சம்பந்தமில்லாம பேசுறார், தள்ளாடுறார்."

அன்றைக்கே ரத்தத்தில் சோடியம் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைட் ஆகியவை நல்ல மருந்துகள்தான், மேலே சொன்ன ஷெப், ஹைவெட் ஆய்வுகளே இவற்றில் கடைசி இரண்டை வைத்துத்தான் நடந்தன. ஆனால் வயதானவர்களுக்கு, அதிலும் ஒல்லியான பாட்டிகளுக்கு, முதல் சில வாரங்களில் சோடியம் சரசரவென்று இறங்கிவிடலாம். சோர்வு, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு வரை போகும். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் கூடச் சேர்ந்தால் ஆபத்து அதிகம். "வயசாயிடுச்சு, மூளை குழம்புது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவதுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தம், ஏனென்றால் சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் சில நாளில் பழையபடி ஆகிவிடுவார். நீர் மாத்திரை ஆரம்பித்த இரண்டு, மூன்று வாரத்தில் சோடியம், பொட்டாசியம், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

"மாத்திரை ஒழுங்காத்தான் போடுறாங்க, ஆனாலும் குறையவே மாட்டேங்குது."

மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிறார்களா என்று கேளுங்கள். டைக்ளோஃபினாக், எட்டோரிகாக்ஸிப், அசிக்ளோஃபினாக் எல்லாம் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரையோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் கிட்னியைச் சாய்த்துவிடும். வலிக்குப் பாரசிட்டமாலில் ஆரம்பியுங்கள், தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வகை மட்டும் வேண்டாம், அதில் சோடியம் அதிகம். இருமல் கஷாயத்தில் போடும் அதிமதுரத்தையும் தினமும் குடிக்காதீர்கள், அதுவும் பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

"உப்பை சுத்தமா நிறுத்திட்டோம். இந்துப்பு மட்டும் போடலாமா?"

இந்துப்பும் ஏறக்குறைய முழுக்க அதே சோடியம் குளோரைடுதான், ஒரு லாபமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் மட்டம். சுத்தமாக நிறுத்தினால் வயதானவர்களுக்குச் சாப்பாடு இறங்காது, எடை குறையும், நீர் மாத்திரையும் சேர்ந்தால் மேலே சொன்ன சோடியம் பிரச்சினை வரும். குழம்பில் போடுவதைக் கொஞ்சம் குறைத்து, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர் இவற்றை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடையில் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரிடம் நடந்த, 2021இல் வெளியான ஆய்வில் அந்த மாதிரி உப்பால் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கிட்னி பழுது உள்ளவர்கள், 'ப்ரில்' என்றோ, டெல்மிசார்டன் மாதிரி 'சார்டன்' என்றோ முடியும் மாத்திரையோ, ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையோ போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

"காலையில போடணுமா, ராத்திரி போடணுமா?"

மறக்காத நேரத்தில். பிரிட்டனில் 21 ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய டைம் ஆய்வு, 2022இல், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. நீர் மாத்திரை மட்டும் காலையில், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க எழ வேண்டியிருக்கும், எழுந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

"ரெண்டு நாள் மறந்துட்டாங்க. சேர்த்துப் போட்டுடலாமா?"

கூடாது. அன்றைய மாத்திரையிலிருந்து வழக்கம்போல் தொடருங்கள். எண் நார்மலுக்கு வந்துவிட்டது என்று நிறுத்துவதும் இதே மாதிரிதான், நார்மலாக இருப்பதே மாத்திரையால். அட்டினோலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் இவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மாத்திரை வாங்க வர முடியாததுதான் காரணம் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருவார்.

"வாந்தி, பேதி. சாப்பாடே இறங்கல. அன்னிக்கும் பிரஷர் மாத்திரை போடணுமா?"

உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீர் மாத்திரையும் 'ப்ரில்', 'சார்டன்' வகையும் கிட்னியைப் பாதிக்கும். அன்றைக்கே டாக்டரிடம் போனில் கேளுங்கள், பெரும்பாலும் அவற்றை நிறுத்திவைத்து, நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் மறுபடி தொடங்கச் சொல்வோம். தொடங்க மறந்துவிடுகிறார்கள், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

"திடீர்னு 200 காட்டுது! நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கட்டுமா?"

வேண்டவே வேண்டாம். நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் கடித்து நாக்கின் அடியில் வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பிரஷர் சடாரென்று விழுந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் 1990களிலேயே இதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

வேறு தொந்தரவு இல்லையென்றால் அமைதியாக உட்கார வைத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வலி, சிறுநீர் அடைப்பு, பயம், தூக்கமின்மை, விட்டுப்போன மாத்திரை என்று காரணம் இருக்கும். அப்போதும் 180க்கு மேலேயே இருந்தால் அன்றைக்கோ மறுநாளோ டாக்டரைப் பாருங்கள். ஆனால் வாய் கோணினால், ஒரு கை, கால் விழுந்தால், பேச்சு குழறினால், நெஞ்சு வலித்தால், மூச்சு திணறினால் எண் எவ்வளவாக இருந்தாலும் உடனே 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எனவே கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை ஆம்புலன்ஸில் சொல்லுங்கள்.

"ஆத்தாவுக்கு 91. படுத்த படுக்கை. நாலு பிரஷர் மாத்திரை. இதெல்லாம் இன்னும் வேணுமா?"

கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஹைவெட், ஸ்பிரின்ட் ஆய்வுகளில் இவர்களைப் போன்றவர்கள் இல்லை. சாப்பாடு குறைந்து எடை இறங்கியவர்களுக்கு பிரஷரும் தானாக இறங்கும், ஆனால் சீட்டு மட்டும் பத்து வருடமாக அப்படியே தொடரும். மேல் எண் 110, 120 என்று நின்று, எப்போதும் தூங்கி வழிந்துகொண்டிருந்தால் மாத்திரை அதிகமாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன்.

குறைக்கும்போது ஒரு தடவைக்கு ஒரு மாத்திரைதான். பக்கவிளைவு செய்வதை, இரட்டையாக இருப்பதை முதலில் எடுப்போம். அட்டினோலால் போன்றதை டோஸ் குறைத்துக் குறைத்து நிறுத்துவோம். ஹார்ட் ஃபெயிலியருக்காகவோ நெஞ்சு வலிக்காகவோ கொடுத்தது என்றால் அதை எடுக்க மாட்டோம், அதனால் எந்த மாத்திரை எதற்காக ஆரம்பித்தது என்ற பழைய சீட்டுகளைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றை எடுத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் வீட்டில் அளந்து எழுதுங்கள். 150க்குள் நின்றால் அடுத்ததைப் பற்றிப் பேசலாம், 160ஐத் தாண்டிக்கொண்டே போனால் எடுத்ததைத் திரும்பக் கொடுப்போம்.